சட்டம் வெளியேறிய வீடு: 'சில்ட்ரன் ஆஃப் காட்' படமும் பஹாமாஸ் தீவுகளின் பக்தியும்

கரீபியத் தீவுகளில் தன்பாலீர்ப்பாளர்கள் படும் பாட்டைப் பற்றிய கட்டுரைகள் வழக்கமாக ஜமைக்காவில் தொடங்கும். 1864ஆம் ஆண்டுச் சட்டம், அது விதிக்கும் பத்தாண்டு வரையிலான சிறை, தன்பாலீர்ப்பாளர்களைச் சுடச் சொல்லி 1992இல் வெளிவந்த பூஜு பாண்டனின் பாடல், அங்குள்ள தன்பாலீர்ப்பாளர் உரிமை அமைப்பான ஜே-ஃபிளாக்கைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிரயன் வில்லியம்சன் 2004இல் தம் வீட்டிலேயே கொலையுண்டது என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இந்த வரிசையைப் படிப்பவருக்கு ஒரு முடிவு தானாகத் தோன்றும்: வெள்ளைக்காரன் விட்டுப்போன சட்டம்தான் எல்லாவற்றுக்கும் வேர், அதைப் பிடுங்கிவிட்டால் மீதி தானே சரியாகும்.

பஹாமாஸ் இந்த முடிவுக்கு ஒத்துவராத நாடு. ஒரே பாலினத்தைச் சேர்ந்த வயதுவந்த இருவர் மனமொப்பித் தனியிடத்தில் கூடுவதைக் குற்றப்பட்டியலிலிருந்து அது 1991இலேயே நீக்கிவிட்டது. பெலீஸுக்கு அதற்கு 2016 வரை ஆயிற்று. பார்படோஸுக்கு 2022 வரை ஆயிற்று. இப்படி முந்திக்கொண்ட நாட்டிலிருந்துதான், கரீபிய ஆங்கிலச் சினிமாவில் மதத்தின் பெயரால் வரும் தன்பாலீர்ப்பு வெறுப்பை நேருக்கு நேர் பேசும் கதைப்படங்களில் முக்கியமான ஒன்று வந்திருக்கிறது. கரீம் மார்ட்டிமர் எழுதி இயக்கிய 'சில்ட்ரன் ஆஃப் காட்', பஹாமாஸ் சர்வதேசத் திரைப்பட விழாவில் 2009 டிசம்பரில் திரையிடப்பட்டது. சட்டம் வெளியேறிய பிறகு அந்த இடத்தில் யார் வந்து உட்காருகிறார்கள், அவர்களுக்குக் காவல் நிற்பது யார், அந்தக் காவலுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பவையே இந்தப் படம் எழுப்பும் கேள்விகள் என்பது என் வாசிப்பு.

மூன்று பேர், ஒரு தீவு

ஜானி தலைநகர் நசாவில் ஓவியம் படிக்கும் வெள்ளைக்கார பஹாமாஸ் இளைஞன். கை நேர்த்தியாக ஓடுகிறது, படத்தில் உயிரில்லை என்று அவனுடைய ஆசிரியை கண்டிக்கிறார். எலூத்ரா தீவுக்குப் போய் வரைந்து வா என்று அனுப்பிவைக்கிறார். அங்கே அவன் சந்திக்கும் ரோமியோ கறுப்பின இளைஞன், இசைக் கலைஞன். எல்லோருக்கும் பிடித்தவன், கலகலப்பானவன்; வீட்டாருக்கு மட்டும் தன்னை மறைத்து வாழ்பவன். மூன்றாமவள் லீனா மெக்கி, நசாவில் ஒரு போதகரின் மனைவி. தன்பாலீர்ப்பாளர்களுக்கு உரிமை தரக் கூடாது என்று ஊரைத் திரட்டுவதைத் தன் ஊழியமாக எடுத்துக்கொண்டவள். அவளுடைய கணவர் ரால்ஃப் பிரசங்க மேடையில் எதைச் சாபமென்று முழங்குகிறாரோ, அதே உறவை ஆண்களோடு ரகசியமாக வைத்திருக்கிறார். அவர் மூலம் தொற்றிய பால்வினை நோயை மருத்துவரிடம் லீனா தெரிந்துகொள்கிறாள். கணவரிடம் கேட்டால் பழி அவள் மீதே திரும்புகிறது. அந்தக் காயத்தோடுதான் அவள் எலூத்ராவுக்குப் பிரசாரத்துக்குப் புறப்படுகிறாள்.

ஜானியாக ஜானி ஃபெரோவும் ரோமியோவாக ஸ்டீவன் டைரோன் வில்லியம்ஸும் லீனாவாக மார்கரெட் லொரீனா கெம்பும் நடித்திருக்கிறார்கள். 2007இல் மார்ட்டிமர் எடுத்த 'ஃப்ளோட்' என்ற குறும்படத்தின் விரிவு இது. குறும்படத்தின் மையம் இரு இளைஞர்களின் காதல். முழுநீளப் படமாக அது விரிந்தபோது போதகரின் குடும்பமும் கதைக்குள் வந்து சேர்ந்தது. இந்தச் சேர்க்கைதான் காதல் கதையைச் சமூக ஆய்வாக மாற்றுகிறது.

களத்தின் தேர்வும் கவனிக்கத்தக்கது. எலூத்ரா ஏறக்குறைய 180 கிலோமீட்டர் நீளமும் சில இடங்களில் நடந்தே கடந்துவிடக்கூடிய அகலமும் கொண்ட தீவு. 1648 வாக்கில், தங்கள் விருப்பப்படி கடவுளைத் தொழ இடம் வேண்டும் என்று பெர்முடாவிலிருந்து வில்லியம் சேல் தலைமையில் கிளம்பிய சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் வந்து குடியேறிய மண் அது. மனசாட்சியின் சுதந்திரத்துக்காக உருவான குடியிருப்பு, மூன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு இன்னொருவர் மனசாட்சியை வேவு பார்க்கும் இடமாகப் படத்தில் வருகிறது.

ஒரே சட்டம், இரண்டு படுக்கையறைகள்

1991இல் வந்த பாலியல் குற்றங்கள் மற்றும் குடும்ப வன்முறைச் சட்டத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். தன்பாலீர்ப்பு உறவைத் தனியிடத்தில் அனுமதித்த சட்டம், அதே உறவு பொது இடத்தில் நடந்தால் 20 ஆண்டு வரை சிறை என்றது. ஆண்–பெண் உறவுக்கு இசைவு வயது 16, ஒரே பாலினத்தார் உறவுக்கு 18 என்று பிரித்தது. பழைய கதவைத் திறந்த கையோடு புதிய தாழ்ப்பாளையும் போட்டது.

அதே சட்டத்தின் முற்பகுதியில் இன்னொரு வரையறை இருக்கிறது. வன்புணர்வு என்பது தன் வாழ்க்கைத்துணை அல்லாத ஒருவர் மீது இழைக்கப்படும் குற்றம் என்கிறது அது. அதாவது, பிரிந்து வாழ்வது போன்ற சில சூழல்களைத் தவிர, கணவன் மனைவியைப் பலவந்தப்படுத்தினால் அது வன்புணர்வு ஆகாது. இந்த விலக்கை நீக்க 2009இல் அரசு ஒரு திருத்த மசோதா கொண்டுவந்தது. திருமணத்தின் புனிதம் கெடும், மனைவிமார் பொய்வழக்குப் போடுவார்கள் என்றெல்லாம் போதகர்கள் சிலரும் பொதுமக்களில் பலரும் எதிர்த்தார்கள். மசோதா நிறைவேறாமலே போயிற்று. 'சில்ட்ரன் ஆஃப் காட்' முதலில் திரையேறிய ஆண்டும் அதுதான்.

இந்த இரண்டு பிரிவுகளையும் சேர்த்து வாசித்தால் ரால்ஃபின் இருப்பு விளங்கும். அவர் ஆண்களோடு ரகசியமாகக் கூடுவது தனியிடத்து விவகாரம், சட்டம் தலையிடாது. மனைவியின் உடல் மீது அவருக்குள்ள உரிமையும் தனியிடத்து விவகாரம். அங்கும் சட்டம் தலையிடாது. இரண்டு படுக்கையறைகளின் வாசலிலிருந்தும் அரசு ஒதுங்கிக்கொண்டது. ஒதுங்கிய இடம் காலியாக இருக்கவில்லை. எது பாவம், எது மானக்கேடு, யார் வாயைத் திறக்கலாம், யார் மூடிக்கொள்ள வேண்டும் என்று தீர்மானிக்கும் பொறுப்பைச் சபை எடுத்துக்கொண்டது. லீனா போய் முறையிட நீதிமன்றம் இல்லை, சபை இருக்கிறது. அந்தச் சபையின் தலைவரோ அவளுடைய கணவர்.

இந்தியச் சட்டத்தோடும் இந்தப் பகுதிக்கு ஓர் உறவு உண்டு. பெலீஸின் தண்டனைச் சட்டத்தில் இருந்த 53ஆம் பிரிவும் இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவும் இயற்கையின் ஒழுங்குக்கு மாறான புணர்ச்சி என்ற ஒரே வாசகத்தை ஆண்டவை. ஒரே பேரரசின் அச்சில் வார்க்கப்பட்டவை. பெலீஸில் கேலப் ஒரோஸ்கோ தொடுத்த வழக்கில், சட்டத்தைக் காப்பாற்றக் கத்தோலிக்க, ஆங்கிலிக்கன், சுவிசேஷ சபைகள் ஒன்றாகச் சேர்ந்து தரப்பினராக நின்றன. மனமொப்பிய வயதுவந்தோரைப் பொறுத்தவரை அந்தப் பிரிவு 2016 ஆகஸ்டில் அங்கே செல்லாததாயிற்று. இந்தியாவில் 2018 செப்டம்பரில். சட்டம் போன பிறகு வீட்டுக்குள் என்ன மிச்சமிருக்கிறது என்ற கேள்வியை பஹாமாஸ் இந்த இரு நாடுகளுக்கும் கால்நூற்றாண்டுக்கு முன்பே எதிர்கொள்ளத் தொடங்கிவிட்டது.

துறைமுகத்தில் மறியல், தியேட்டரில் தடை

1973 ஜூலை 10 அன்று விடுதலை பெற்ற பஹாமாஸ், தன் அரசியல் சட்டத்தின் முகவுரையிலேயே கிறிஸ்தவ விழுமியங்களுக்கு மரியாதை செலுத்துகிறது. பொருளாதாரத்தை ஓட்டுவதோ சுற்றுலா. பக்தியும் பிழைப்பும் மோதிக்கொள்ளும் இடம் நசா துறைமுகம்.

1998இல் தன்பாலீர்ப்பாளர்கள் பயணிக்கும் சொகுசுக் கப்பல் ஒன்று வரப்போகிறது என்றதும் எதிர்ப்பு கிளம்பியது. அன்றைய பிரதமர் ஹியூபர்ட் இங்கிரம் அந்த மார்ச் மாதத்தில் ஓர் அறிக்கை வெளியிட்டார். பாவமா இல்லையா என்பது சபையின் வேலை, குடிமக்களின் தனிவாழ்வில் நுழைவது அரசின் வேலையல்ல என்பது அதன் சாரம். எதிர்ப்பில் வெளிப்பட்ட ஆவேசம் தம்மைக் கலங்கவைத்ததாகவும் அவர் சொன்னார். ஓட்டரசியலில் இருப்பவர் இப்படிப் பேசியது துணிச்சல். ஆனாலும் அந்த வாதத்துக்குள்ளும் அதே பிரிவினைதான் இருந்தது: அரசு விலகிக்கொள்ளும், தீர்ப்பைச் சபை பார்த்துக்கொள்ளும்.

2004 ஜூலையில் அமெரிக்கத் தொலைக்காட்சிக் கலைஞர் ரோஸி ஓ'டானல் சேர்ந்து நடத்திய நிறுவனத்தின் கப்பல், தன்பாலீர்ப்புப் பெற்றோரையும் அவர்களுடைய பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு நசாவுக்கு வந்தது. 'சேவ் தி பஹாமாஸ்' என்ற பெயரில் போதகர்கள் திரட்டிய கூட்டம் பதாகைகளோடு கரையில் நின்றது. இறங்கி வந்தவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். 2006 மார்ச்சில் 'புரோக்பேக் மவுண்டன்' படத்தைத் திரைப்படக் கட்டுப்பாட்டு வாரியம் தடைசெய்தது. பஹாமாஸ் மக்களுக்கு அதனால் பயனேதும் இல்லை என்பது காரணங்களில் ஒன்று. நாடகக் கலைஞர்களும் தன்பாலீர்ப்பாளர் உரிமைக்கான ரெயின்போ அலயன்ஸ் அமைப்பும் கண்டித்தார்கள்.

இந்த இரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்தால் ஒன்று புலப்படும். கப்பலில் வந்ததும் வெளியூர்க்காரர்கள், தடைபட்டதும் வெளியூர்ப் படம். தன்பாலீர்ப்பு என்பது கடல் தாண்டி வரும் சரக்கு என்ற நம்பிக்கையை இரண்டும் காப்பாற்றிக்கொடுத்தன. நான்காண்டு முடிவதற்குள் அதே நசாவில், உள்ளூர் இயக்குநர் ஒருவர் உள்ளூர்ப் பேச்சிலேயே, உள்ளூர்ப் போதகரின் வீட்டுக்குள் அதே விஷயத்தைக் கொண்டுபோய் வைத்தார். அந்நியச் சரக்கு என்று சொல்லித் தள்ள வழியில்லாமல் செய்ததுதான் மார்ட்டிமரின் முதல் வெற்றி.

மானத்தின் காவல்காரி

கரீபியச் சமூகத்தை ஆராய்ந்த பீட்டர் வில்சன் என்ற மானுடவியலாளர் 1973இல் வெளியிட்ட 'கிராப் ஆன்டிக்ஸ்' நூலில் ஒரு பாகுபாட்டை முன்வைத்தார். கொலம்பியாவுக்குச் சொந்தமான பிராவிடென்சியா என்ற சிறு தீவில் செய்த களஆய்வின் விளைவு அது. ஒருபக்கம் கௌரவம்: சபை, சட்டப்படியான திருமணம், ஒழுங்கான வீடு. இதைச் சுமப்பவர்கள் பெண்கள். மறுபக்கம் பெயர்: தெருவில், மதுக்கடையில், வாய்ச்சாலகத்தில், காதல் விளையாட்டுகளில் ஆண்கள் ஈட்டும் மதிப்பு. கௌரவம் காலனியத்தின் எச்சம், பெயர் அடிமைப்பட்டவர்களின் எதிர்ப்பு என்பது அவர் வாதம். பெண்களைக் காலனிய ஒழுக்கத்தின் ஏஜெண்டுகளாகச் சுருக்கிவிட்டார் என்று ஜீன் பெசன் பின்னர் இதைக் கண்டித்தார். பெண்களும் பெயருக்காகப் போராடியிருக்கிறார்கள், ஆண்களும் கௌரவத்தின் பலனை அனுபவித்திருக்கிறார்கள் என்றார்.

லீனா–ரால்ஃப் தம்பதி இந்த விவாதத்துக்கு நல்ல உதாரணம். வில்சனின் கண்ணால் பார்த்தால் லீனா கௌரவத்தின் உருவம். பெசனின் கண்ணால் பார்த்தால்தான், அந்தக் கௌரவத்தின் லாபம் யாருக்குப் போகிறது என்பது தெரிகிறது. ஊர் மதிப்பது ரால்ஃபை. மேடை அவருடையது, ரகசியமும் அவருடையது. நோய் மட்டும் இருவருக்கும் பொது; அதன் பழியோ மனைவிக்கு. எழுந்து கேட்டால் குடும்ப மானம் போகும். அந்த மானத்தைத் தவிர அவளுக்கு ஊரில் வேறு அந்தஸ்து கிடையாது.

அதனால்தான் அவளுடைய வெறுப்பு வெளியே போகிறது. கணவனைச் சுட்ட வேண்டிய விரல், முன்பின் தெரியாத இளைஞர்களைச் சுட்டுகிறது. இதைப் படம் கேலி செய்வதில்லை. கெம்ப் லீனாவைக் கத்துகிற வில்லியாக நடிக்கவில்லை. தலைமுடி கலையாமல், உடை கசங்காமல், பேச்சில் நிதானம் தப்பாமல் ஊரார் முன் நிற்கிறாள். உள்ளே சரிந்துகொண்டிருக்கும் வீட்டை அந்த நேர்த்தியால் தாங்கிப் பிடிக்கிறாள். அவளைப் பார்த்து எரிச்சல் வருகிற அளவுக்கு இரக்கமும் வருகிறது. தன்பாலீர்ப்பு வெறுப்பைப் பற்றிய படத்தில் பார்வையாளரின் மனம் அதிகமாக அலைபாய்வது வெறுப்பவளிடம்தான் என்பது சாதாரணச் சாதனை அல்ல.

டிரினிடாடில் பிறந்த அறிஞர் ஜாக்கி அலெக்சாண்டர், டிரினிடாட், பஹாமாஸ் ஆகிய இரு நாடுகளின் பாலியல் சட்டங்களை 1994இல் ஆராய்ந்தபோது இதன் அரசியல் பக்கத்தைக் காட்டினார். அடிமைகளின் சந்ததிக்கு ஒழுக்கம் தெரியாது என்று ஆண்டவர்கள் சொல்லிவந்தார்கள். ஆட்சிக்கு வந்த கறுப்பின மத்தியதர வர்க்கம், நாங்கள் ஒழுக்கமானவர்கள் என்று காட்டித் தன் ஆளும் தகுதியை நிறுவ முயன்றது. தேசத்தின் கௌரவம் ஆண்–பெண் குடும்பத்தின் மேல் ஏற்றிவைக்கப்பட்டது; அதற்கு வெளியே இருப்பவர்கள் முழுக் குடிமக்கள் ஆகாமல் நின்றார்கள். லீனாவின் பிரசாரத்தில் வேதவசனம் மட்டும் பேசவில்லை. விடுதலை பெற்ற ஒரு நாட்டின் அவமான அச்சமும் சேர்ந்து பேசுகிறது.

நீரில் ஓர் உடல்

காதலின் பக்கம் படம் குறைவாகப் பேசி நிறையக் காட்டுகிறது. தீவில் பிறந்து வளர்ந்தும் நீச்சல் தெரியாத ஜானிக்கு ரோமியோ கடலில் மிதக்கக் கற்றுக்கொடுக்கும் இடத்தை எடுத்துக்கொள்வோம். கை முதுகைத் தாங்கியிருக்கிறது. உடம்பு விறைத்திருக்கும் வரை மிதக்காது. தளர்ந்தால்தான் நீர் ஏந்தும். யாராவது தன்னைத் தொடுவார்களோ, அடிப்பார்களோ என்று எந்நேரமும் தோளைக் குறுக்கியே வாழ்ந்த ஓர் இளைஞன் முதன்முறையாக இன்னொருவர் கையில் தன் எடையை விடுகிறான். முத்தத்தைவிட நெருக்கமான காட்சி இது. ஆசிரியை அவனுடைய ஓவியத்தில் எது இல்லை என்றாரோ அது அவனுக்கு இங்கேதான் கிடைக்கிறது. வெள்ளை, கறுப்பு என்ற நிறப் பிரிவு பஹாமாஸில் சொத்து, பள்ளி, குடியிருப்பு என எல்லாவற்றிலும் தடம் பதித்த ஒன்று. படம் அதற்கென்று ஒரு வசன விவாதம் வைக்காமல், ஏந்தும் கையையும் ஏந்தப்படும் முதுகையும் காட்டிவிட்டு நகர்கிறது.

குறைகளும் உண்டு. கடலின் நீலமும் மணலின் வெளிர்சிவப்பும் சில இடங்களில் சுற்றுலாத் துறையின் விளம்பரப் படங்களை நினைவூட்டுகின்றன. மூன்று கதைகளும் வந்து முட்டிக்கொள்ளும் விதத்தில் திரைக்கதை ஆசிரியரின் கை தெரிகிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் ரால்ஃப். தன்பாலீர்ப்பாளரை வெறுத்துப் பிரசங்கிப்பவர் தானே ரகசியத் தன்பாலீர்ப்பாளர் என்பது உலகச் சினிமாவில் புளித்துப்போன திருப்பம். அதன் உள்ளர்த்தமும் ஆபத்தானது: வெறுப்புக்கும் கடைசியில் தன்பாலீர்ப்பாளர்தான் காரணம் என்று பழி வட்டமடித்துத் திரும்பி வருகிறது. எந்த ரகசியமும் இல்லாமல், நல்ல மனத்தோடு, கடவுளின் பெயரால் பிள்ளையை வீட்டைவிட்டு அனுப்பும் பெற்றோர்தாம் பெரும்பான்மை. அவர்களைச் சித்திரிப்பதே கடினம். ரோமியோவின் வீட்டுக் காட்சிகளில் படம் அந்தக் கடினமான வேலையைத் தொடுகிறது. ரால்ஃபிடம் சுலபமான வழியில் போய்விடுகிறது.

பக்திக்கு ஒரே முகம் இல்லை

மதம் என்றாலே வெறுப்பு என்று முடித்துவிடக் கரீபியமே இடம் தருவதில்லை. ஹெய்ட்டியில் ஆன் லெஸ்கோவும் லோரான்ஸ் மக்லுவாரும் 2002இல் எடுத்த 'ஆஃப் மென் அண்ட் காட்ஸ்' ஆவணப்படம், வூடூ வழிபாட்டில் இடம் கண்ட தன்பாலீர்ப்பு ஆண்களைக் காட்டுகிறது. தெருவில் அவர்களுக்கு ஏளனம் உண்டு. எர்சூலி என்ற பெண் தெய்வம் தங்களைப் பிள்ளைகளாக ஏற்றுக்கொண்டாள் என்று அவர்கள் நம்புகிறார்கள். சன்னதத்தில் ஆணுடலில் பெண் தெய்வம் இறங்குவது அங்கே வழிபாட்டின் இயல்பு. கியூபாவின் 'ஃபிரேசா இ சாக்கலாத்தே' (1993) படத்திலோ நிலைமை தலைகீழ். அங்கே ஒழுக்கத்தின் காவல்காரன் கட்சி விசுவாசியான மாணவன். தன்பாலீர்ப்பாளனான தியேகோதான் கடவுளை நம்புகிறவன்.

பஹாமாஸைச் சேர்ந்த இன்னொரு இயக்குநரான மரியா கோவன், டிரினிடாடின் பாராமின் மலைக்கிராமத்தில் 'ப்ளே தி டெவில்' (2016) படத்தை எடுத்தார். கார்னிவலில் உடலெங்கும் நீலம் பூசிக்கொண்டு பிசாசு வேடம் கட்டும் மரபு அந்த ஊருடையது. படிப்பில் சுட்டியான, பாட்டியின் பக்தியான வளர்ப்பில் இருக்கும் கிரெகரியைத் திருமணமான ஒரு வசதிக்காரர் நாடுகிறார். சபைக்குள் சொல்ல முடியாததை அந்த வேடம் சொல்ல விடுகிறது.

இந்தப் படங்களோடு சேர்த்துப் பார்க்கும்போது மார்ட்டிமரின் கவனம் எதில் என்பது தெளிவாகிறது. லேவியராகமத்தையோ ரோமருக்கு எழுதிய நிருபத்தையோ மறுவாசிப்பு செய்து வாதாடும் படம் அல்ல இது. சபையின் அதிகாரம், திருமணத்தின் கௌரவம், ஒருவர் விஷயம் இன்னொருவருக்குத் தெரியாமல் இருக்க முடியாத சிறுதீவின் நெருக்கம் ஆகிய மூன்றும் சேரும் இடத்தில் பக்தி என்னவாகிறது என்பதே அதன் ஆய்வு.

2016: லீனா தோற்ற வாக்கெடுப்பு

படம் வந்து ஆறாண்டு கழித்து, 2016 ஜூன் 7 அன்று, பஹாமாஸில் ஒரு பொதுவாக்கெடுப்பு நடந்தது. அரசியல் சட்டத்தில் ஆண்–பெண் சமத்துவத்தைக் கொண்டுவர நான்கு திருத்தங்கள். அவற்றில் இரண்டு, பஹாமாஸ் ஆண்களுக்கு ஏற்கெனவே இருந்த குடியுரிமைச் சலுகைகளைப் பெண்களுக்கும் தருபவை: வெளிநாட்டவரை மணந்த பஹாமாஸ் பெண்ணின், வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை, அவள் கணவருக்கும் அதே வழி. நான்காவது, பாகுபாடு காட்டக் கூடாத காரணங்களின் பட்டியலில் பாலினத்தைச் சேர்ப்பது.

எதிர்ப்பின் மையம் இந்த நான்காவது திருத்தம். இது ஒரே பாலினத்தார் திருமணத்துக்குப் பின்வாசல் என்று போதகர்கள் பலர் எச்சரித்தார்கள். ஆண் அல்லது பெண் என்பதையே பாலினம் குறிக்கும் என்று மசோதாவிலேயே எழுதியிருக்கிறது, அத்தகைய திருமணம் செல்லாது என்று திருமணச் சட்டம் ஏற்கெனவே சொல்கிறது என்று அரசு விளக்கிப் பார்த்தது. விளக்கம் எடுபடவில்லை. நான்கும் தோற்றன, நான்காவதை ஏறத்தாழ 79 விழுக்காட்டினர் நிராகரித்தனர்.

வாக்களித்தவர்களில் பெண்கள் குறைவில்லை. தன்பாலீர்ப்பாளருக்கு எதுவும் கிடைத்துவிடக் கூடாது என்ற அச்சத்தில், அவர்கள் தங்களுக்கு வந்த உரிமையைத் தாங்களே திருப்பி அனுப்பினார்கள். அன்று தன்பாலீர்ப்பாளர்கள் இழந்தது எதுவுமில்லை. அவர்களுக்கென்று அந்தச் சீட்டில் எதுவும் இருக்கவே இல்லை. இழப்பில் பெரும்பங்கு பெண்களுடையது. லீனாவின் கதையை ஒரு தேசமே வாக்குப்பெட்டியில் நடத்திக்காட்டியது போலிருந்தது.

'சில்ட்ரன் ஆஃப் காட்' படத்தை இரு இளைஞர்களின் காதல் கதை என்று மட்டும் நினைவில் வைத்தால் அதன் பாதி கைநழுவிவிடும். தன்பாலீர்ப்பு வெறுப்பும் மனைவியின் வாய்ப்பூட்டும் வெவ்வேறு பிரச்சினைகள் அல்ல, ஒரே வீட்டின் இரண்டு சுவர்கள் என்பதுதான் அந்தப் படம் சொல்லும் பெரிய உண்மை. தண்டனைச் சட்டத்தில் ஒரு பிரிவை நீக்குவது வாசலைத் திறக்கும். உள்ளே ரால்ஃபைக் கேள்வி கேட்கும் உரிமை லீனாவுக்குக் கிடைக்கிற வரை, ரோமியோ தன் வீட்டாரிடம் உண்மையைச் சொல்ல முடியாது. வெறுப்பை எதிர்த்துப் போராடுகிறவர்கள் நீதிமன்றத்தோடு நின்றுவிடாமல் அந்த வீட்டுப் பெண்களோடும் பேசியாக வேண்டும். அவர்களைப் பகைவர் வரிசையில் நிறுத்துவது சபைக்குத்தான் லாபம்.